சுடுவதா, சேர்ப்பதா: பழைய இராணுவத் துப்பாக்கி மேல் ஆசை கொண்ட மதுரைக்காரருக்கு

உசிலம்பட்டி, பேரையூர், தே.கல்லுப்பட்டி வட்டாரத்தில் முன்னாள் படைவீரர் ஒருவராவது இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அத்தகைய வீடொன்றில் வளர்ந்தவன் என்பதால், ‘த்ரீ நாட் த்ரீ’ (0.303 அங்குலக் குழல் கொண்ட படை ரைபிள்) என்பது எனக்கு ஓர் அளவாகத் தெரிவதற்கு முன்பே ஒரு பெயராகத் தெரிந்திருந்தது. 1962ஆம் ஆண்டுப் போருக்கு முன் படையில் சேர்ந்த என் தந்தை, அந்த ரைபிளின் கனத்தையும், தோளில் அது கொடுக்கும் இடியையும், தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலைப் பூட்டும் தாழான போல்ட்டை இழுத்து அடைக்கும் வேகத்தையும் திண்ணையில் அமர்ந்தபடி வெறுங்கைகளாலேயே நடித்துக் காட்டுவார். அயல்நாட்டினர் பழைய இராணுவ ரைபிள்களைச் சுவரில் வரிசையாக மாட்டிவைத்து, விடுமுறை நாளில் ஒவ்வொன்றாக எடுத்துச் சுடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் சிலர், “அண்ணே, நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு வாங்க முடியுமா?” என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பது ஒரு கேள்விபோல் தோன்றினாலும் அதற்குள் சுடும் ஆசை, சேர்த்துவைக்கும் ஆசை என இரண்டு பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்காவில் ஒரே துப்பாக்கி இரண்டையும் தீர்த்துவைக்கும். நம் சட்டத்தின்கீழ் இவ்விரண்டும் வெவ்வேறு வழிகளில் போகின்றன என்பதால், எந்த ஆசை தமக்குப் பெரிது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்பவருக்கே பின்வரும் ஒப்பீடு பயன்படும்.

இராணுவ உபரி என்பது, ஒரு படை புதிய ஆயுதத்துக்கு மாறும்போது கழித்துவிடும் பழையவற்றைப் பொதுமக்களுக்கு விற்பதாகும். 1891ஆம் ஆண்டின் ரஷ்ய மோசின்-நாகாந்த், ஜெர்மானிய மவுசர், 1936இல் அமெரிக்கப் படை ஏற்ற எட்டுத் தோட்டா எம்1 கேரண்ட், நம் தந்தையர் தூக்கிய த்ரீ நாட் த்ரீயான லீ-என்ஃபீல்ட் ஆகியவை இவ்வகையில் அமெரிக்காவில் வீடுகளுக்குள் வந்தவை. ஐம்பது ஆண்டுக்கு மேல் பழமையான துப்பாக்கிகளைச் சேர்ப்போருக்கு அங்கே தனி உரிமமே உண்டு. மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணம். இந்தியாவில் இப்படியொரு சந்தை இல்லை. நம் படைகளும் காவல்துறையும் கழிக்கும் ஆயுதங்கள் பொதுமக்களிடம் வருவதில்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளையொட்டி த்ரீ நாட் த்ரீ ரைபிளுக்கு விடைகொடுத்தபோது, அவற்றில் ஒன்றேனும் ஏலத்துக்கு வருமா என்று சிலர் ஆவலோடு விசாரித்தது எனக்குத் தெரியும். வராது என்பதைச் சட்டத்தைப் படித்தவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

காரணம் குழலின் அளவில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், 0.303 அல்லது 7.62 மி.மீ. படைத் தோட்டாவை ஏற்கக்கூடிய ரைபிள்களையும், 0.380, 0.455, படையின் 9 மி.மீ. தோட்டாக்களை ஏற்கக்கூடிய கைத்துப்பாக்கிகளையும் தடைசெய்யப்பட்ட வகையில் வைக்கின்றன. துப்பாக்கிக் கடைக்காரர்கள் இதைச் சுருக்கமாக ‘பி.பி.’ (தடைசெய்யப்பட்ட குழல் அளவு) என்பார்கள், மற்றவை ‘என்.பி.பி.’ (தடைசெய்யப்படாத குழல் அளவு) ஆகும். ஆகவே லீ-என்ஃபீல்ட், அதை 7.62 தோட்டாவுக்கு ஏற்ப இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை மாற்றிச் செய்த 2ஏ ரைபிள், வெப்ளியின் 0.455 ரிவால்வர், பிரவுனிங் 9 மி.மீ. பிஸ்டல் என, ஆசைப்பட்டுத் தேடும் பெயர்கள் எல்லாம் இப்பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன. படைக்கிடங்கிலிருந்து திருடப்படும் தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்ற அச்சமே இதன் வேர். அந்த அச்சம் வெள்ளையர் காலத்திலிருந்தே தொடர்வது. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் ஏழு ஆண்டு முதல் பதினான்கு ஆண்டு வரை சிறை. அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இரண்டைக் கொண்டு யாரும் சேகரிப்பாளர் ஆகிவிட முடியாது.

இந்த எல்லைக்குள் இருந்துகொண்டே த்ரீ நாட் த்ரீயின் இரத்த உறவை வீட்டுக்குக் கொண்டுவர விரும்புபவருக்கு ஒரு வழி உண்டு, அதுதான் 0.315 விளையாட்டு ரைபிள். அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்காகச் செய்யும் இந்த ரைபிள் லீ-என்ஃபீல்டின் அமைப்பைத் தழுவியது; போல்ட்டின் அசைவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என் தந்தையைப் போன்றவர்கள் முகம் மலர்வார்கள். இதன் தோட்டா பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் படை ரைபிளின் தோட்டாவிலிருந்து வந்தது என்பது சுவையான செய்தி: நம் படை பயன்படுத்தாத அயல்நாட்டுப் படைத் தோட்டா ஆகையால் அது தடைக்குள் வரவில்லை. அமெரிக்கப் படையின் பழைய 0.30-06 தோட்டாவும் இதே காரணத்தால் இங்கே என்.பி.பி. வகையில் நிற்கிறது. துப்பாக்கிச் சட்டத்தின் தர்க்கம் சில இடங்களில் இப்படித்தான் வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் 0.315 வாங்குவது எளிதன்று. வாங்கியபின் அதை வைத்து என்ன செய்வது என்பது அதைவிடக் கடினம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். மாநகர எல்லைக்குள் இருப்பவர் மாநகரக் காவல் ஆணையரிடமும், ஊரகப் பகுதியில் இருப்பவர் மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பித்து, காவல்துறை விசாரணை முடியும் வரை காத்திருக்க வேண்டும். உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்பதை அலுவலர் ஏற்கும்படி காட்டினாலன்றி, ‘பழைய ரைபிள் மேல் பிரியம்’ என்ற காரணத்துக்கு உரிமம் கிடைக்கும் என்று நான் யாருக்கும் நம்பிக்கை கொடுக்கமாட்டேன். மோதல்களின் நினைவு ஆறாத தென்மாவட்டங்களில் அலுவலர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பதில் வியப்பும் இல்லை. ஒருவேளை கிடைத்துவிட்டாலும், உரிமப் புத்தகத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. நாகமலை அடிவாரத்திலோ கண்மாய்க் கரையிலோ இலக்கு நட்டுச் சுடவும் முடியாது. இவ்வளவு ஆற்றலுள்ள ரைபிளைச் சுட நீண்ட, பின்னால் மண்மேடு கொண்ட சுடுதளம் தேவை; அத்தகைய தளங்கள் பெரும்பாலும் படைகளிடமும் காவல்துறையிடமும்தான் உள்ளன. ஆக, வீட்டுப் பெட்டகத்தில் படுத்துக்கிடக்கும் ரைபிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதே உரிமையாளரின் விளையாட்டாகிவிடும்.

தேர்தல் வந்தால் அதுவும் இல்லை. நாடாளுமன்றத் தேர்தல், சட்டமன்றத் தேர்தல், உள்ளாட்சித் தேர்தல் என ஒவ்வொரு முறையும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். என் தாய்மாமாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒருமுறை அப்படிப் போய்த் திரும்பியபோது, இடக்குழலின் உட்புறம் முழுவதும் செந்துரு படர்ந்திருந்தது. ஒப்படைக்கும் முன் குழலுக்குள் கெட்டியான கிரீஸைத் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதை நாங்கள் பிறகுதான் கற்றுக்கொண்டோம்.

கைத்துப்பாக்கியை விரும்புபவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அரசுத் தொழிற்சாலை விற்கும் 0.32 ரிவால்வர், பழைய வெப்ளி மாதிரியில் நடுவில் ஒடித்துத் திறக்கும் ஆறு தோட்டா ஆயுதம். தோற்றத்தில் படை ரிவால்வரின் தம்பி என்று சொல்லலாம். தற்காப்புக்காக வாங்குபவருக்கு அதன் விலை நியாயமாகத் தெரியலாம்; வரலாற்று ஆசைக்காக அவ்வளவு பணத்தையும் அவ்வளவு பொறுப்பையும் சுமப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1980களின் நடுப்பகுதிக்கு முன் இறக்குமதியான பழைய அயல்நாட்டுக் கைத்துப்பாக்கிகள் உரிமதாரர்களுக்குள் கைமாறுவதுண்டு. இறக்குமதி நின்றுபோனதால் அவற்றின் விலை, பொருளின் தகுதிக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில் நிற்கிறது.

பரம்பரையாக வரும் துப்பாக்கியை இவற்றிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். உரிமதாரர் இறந்தபின் அவருடைய வாரிசுக்கோ, அவர் எழுபது வயதை எட்டினாலும் அல்லது அந்த ஆயுதத்தை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலும் அவர் குறிப்பிடும் வாரிசுக்கோ உரிமம் மாற்றித்தர 2016ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. தாத்தாவின் துப்பாக்கி மச்சில் கிடக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: உரிமதாரர் இறந்த பிறகு அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, அதன்பின்தான் வாரிசு உரிமம் கேட்க வேண்டும். அது பி.பி. அளவாக இருந்தால் கோப்பு மத்திய உள்துறை அமைச்சகம் வரை போகும். பழைய பொருளின் மேல் பற்றும், அதை விட்டுச்சென்றவரின் நினைவும் ஒருங்கே உள்ள குடும்பத்தினருக்கு இந்த அலைச்சல் தகும் என்பதே என் கருத்து. இதற்குள் சுடும் ஆசையை மட்டும் நுழைக்க வேண்டாம். பல பத்தாண்டுகள் சுடாமல் கிடந்த குழலில், தேர்ந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் தோட்டா அமரும் அறையின் அளவையும் போல்ட்டின் பூட்டையும் சோதிக்கும் முன் ஒரு தோட்டாவைக்கூட இடக்கூடாது.

சுடுவதே பெரிது என்பவருக்கு விடை ரைபிள் சங்கம்தான். இதைச் சொல்லும்போது கேட்பவரின் முகம் சுருங்குவதை நான் கவனித்திருக்கிறேன். காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிளையும் 0.22 ரைபிளையும் சிறுபிள்ளைப் பொருளாக நினைப்பதே அதற்குக் காரணம். கணக்கு என்னவோ அவர்கள் பக்கம்தான்: த்ரீ நாட் த்ரீயின் படைத் தோட்டா வினாடிக்கு ஏறத்தாழ 740 மீட்டர் வேகத்தில் 11 கிராம் குண்டை அனுப்பும், 0.22 தோட்டாவின் குண்டு இரண்டரை கிராமைச் சற்றே தாண்டும். ஆனால் ஆற்றல் என்பது துப்பாக்கியின் பண்பு. குறி என்பது சுடுபவரின் பண்பு. பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அதன்முன் நின்று ஒருமுறை மூச்சை அடக்கிப் பார்த்தவர் மறுபடி அதைச் சிறுபிள்ளைப் பொருள் என்று சொல்வதில்லை. நானும் கல்லூரி நாள்களில் என்.சி.சி. முகாமில் 0.22 ரைபிளைக் குப்புறப் படுத்துச் சுட்டபோது, ஐந்து தோட்டாவில் இரண்டு இலக்குத் தாளையே தொடவில்லை. என் தந்தையிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை; “விசையை இழுத்தியா, அமுக்குனியா?” என்று மட்டும் கேட்டார். படையில் அவருக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சட்டமும் இந்த வழியில் கனிவாக இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்க உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் 0.22 ரைபிளுக்கும் ஏர் ரைபிளுக்கும் இரண்டு துப்பாக்கி என்ற உச்சவரம்பு பொருந்தாது. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமமே தேவையில்லை. அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். சங்கத்தின் துப்பாக்கியையே எடுத்துப் பழகிவிட்டு, ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் குறையாமல் இருந்தால் சொந்தமாக வாங்கிக்கொள்ளும் வசதி வேறு எந்த வழியிலும் கிடையாது. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டார். அது பறக்கும் தட்டைச் சுடும் வேறு வகை விளையாட்டு என்றாலும், நம் பக்கத்திலிருந்து கிளம்பிய ஒருவர் எங்குவரை போகலாம் என்பதற்கு அண்மைச் சான்று. இந்த வழியின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை: நவீன ஏர் ரைபிளில் வரலாறு இல்லை. அலுமினியத்தையும் திருகுகளையும் கட்டிப்பிடித்து யாருக்கும் கண் கலங்காது.

அந்த வரலாறுதான் வேண்டும் என்பவர் சுடாத துப்பாக்கியிடம் போக வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொல்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதம், பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட இயலாததாக இருந்தால் அதற்குச் சட்டம் பொருந்தாது என்கிறது. ‘பழுதுபார்த்தாலும்’ என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நூற்றைம்பது ஆண்டுப் பழமையான துப்பாக்கி என்பதாலேயே அது விலக்குப் பெறாது. ஒரு லேத் பட்டறைக்காரர் அரை நாளில் அதை மறுபடி சுடவைத்துவிட முடியும் என்றால் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே. நாட்டுத் துப்பாக்கியின் குழலும் கேப் வைக்கும் முனையும் எவ்வளவு எளிய அமைப்பு என்பதை அறிந்தவருக்கு இந்த எச்சரிக்கையின் பொருள் புரியும். குழல் அடைக்கப்பட்டு, சுடும் ஊசி நீக்கப்பட்டு, செயலிழக்கச் செய்ததற்கான எழுத்துச் சான்று இருக்கும் பொருளை மட்டுமே வாங்க வேண்டும். சான்றில்லாத பொருளை, விற்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் தொடக் கூடாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு முழுப் பகலைக் கழிப்பது எனக்கு மிகவும் பிடித்தமான செயல். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்களுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் இடையே, பித்தளைப் பூண் போட்ட நீண்ட துப்பாக்கி ஒன்றை அங்கே ஒருமுறை பார்த்து, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தது என்று மனம் துள்ளியது. குனிந்து பார்த்தபோது குழலின் வாய்ப்பகுதி மட்டும் குடையப்பட்டு உள்ளே கெட்டி இரும்பாக இருந்தது. சுவரில் மாட்டுவதற்கென்றே அண்மையில் செய்து, அமிலம் தடவிப் பழமை ஏற்றிய பொருள். அதை ஏமாற்று என்று ஒதுக்குவது பெரும்பாலோர் வழக்கம். எனக்கோ, அலங்காரப் பொருளின் விலைக்குக் கொடுத்தால் அதுவே மிகப் பாதுகாப்பான கொள்முதல் என்று தோன்றுகிறது. எக்காலத்திலும் சுடாத பொருளைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். உண்மையானவற்றைப் பார்க்க வேண்டும் என்றால் இராமநாதபுரம் இராமலிங்க விலாச அரண்மனைக்கும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்துக்கும் போகலாம். நூறாண்டுக்கு மேற்பட்ட பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழும் வருவதால் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போய்ச் சுடுவது பற்றி நிறையப் பேர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பாங்காக், பிராக் போன்ற நகரங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கெனவே சுடுதளங்கள் உள்ளன. பயிற்றுநர் அருகில் நிற்க, பழைய படை ஆயுதங்களை எண்ணிக் கொடுக்கும் தோட்டாவோடு சுட்டுவிட்டு வரலாம். அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போய்ச் சுடலாம் என்று நினைப்பவர் பொறுக்க வேண்டும்: எச்-1பி என்ற வேலை விசா உள்ளிட்ட தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. அப்படி உரிமையுள்ளவர் பழைய உபரித் தோட்டாக்களைச் சுட்டால், அவற்றின் கேப்பில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்து விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலை ஓரிரு நாளில் அரித்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றிக் காயவைத்து, பிறகு எண்ணெய் போடுவோம் என்று என் தந்தை சொன்னபோது நான் அதைப் பட்டாளத்துப் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். அதில் இருந்த வேதியியல் பின்னர்தான் புரிந்தது. ஊர் திரும்பும்போது நினைவுக்காக ஒரு தோட்டாவைப் பெட்டியில் போட்டுக்கொள்ளும் விபரீதம் மட்டும் வேண்டாம். விமான நிலையச் சோதனையில் அது ஆயுதச் சட்ட வழக்காகும்.

துப்பாக்கியை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ளவற்றைச் சேர்ப்பது, யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத வழி. தலைக்கவசம், தோள்வார், தண்ணீர்க் குப்பி, பதக்கம், பயிற்சிக் கையேடு, படைப்பிரிவின் தோள்பட்டைச் சின்னம், பணிப் பதிவுப் புத்தகம் ஆகியவற்றுக்கு உரிமம் கேட்பாரில்லை. நம் வட்டாரத்தில் அவை பரணில் கிடந்து கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியான பயனெட் மட்டும் ஆயுத விதிகளின் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது என்பதால், வாங்கும் முன் உரிமப் பிரிவில் கேட்டுக்கொள்வது நல்லது.

என் தேர்வைக் கேட்பவர்களுக்கு: சனிக்கிழமைகளில் ஏர் ரைபிள், மற்ற நாள்களில் தந்தையின் தகரப்பெட்டி. லீ-என்ஃபீல்டின் பின்கட்டையில் ஒரு சிறு பித்தளைக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே எண்ணெய்க் குப்பியும், குழல் துடைக்கும் கயிறான புல்த்ரூவும் இருக்கும். அந்த இரண்டும் எங்கள் தகரப்பெட்டியில் இருக்கின்றன. அவை எப்படி அங்கே வந்தன என்று நான் அவரிடம் கேட்டதில்லை.